படத்தின் மேல் விளிம்பு

கல் தேடத்தான் படுக்கவைத்தேன்.
வலது விலாவுக்குக் கீழே மூன்று நாளாகக் குத்துகிறதாம்.
வைரக்கண்ணு, ஐம்பத்தாறு,
கோட்டூர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்.
அரைஞாணில் கோத்த தாயத்தை அவிழ்க்கச் சொன்னால்
"கழட்டினா ஒண்ணும் ஆயிடாதே?" என்றார்.

மூச்சை இழுங்க.
பிடிங்க.
விடுங்க.

கல் இருந்தது.
ஒரு நெல்லில் பாதிகூட இல்லை.
தண்ணீர் குடித்தாலே போய்விடும்.

வயிற்றை எடுக்கும்போது
முதல் நாலைந்து படங்களில்
இதயத்தின் அடிப்பக்கம் வந்துவிடும், யாரும் கேட்காமலே.
மதகைப் படம்பிடித்தால்
ஓரத்தில் யாருடைய காலோ விழுவதுபோல.
பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவோம்.

டாக்டர் மங்கையர்க்கரசி தாண்டவில்லை.
மவுஸின் சக்கரத்தை மேலே உருட்டினார்,
கீழே, மறுபடி மேலே.
சுவர் ஓரிடத்தில் மெலிந்து
உள்ளே கறுப்பாய் ஒரு கோடு.
தசை இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு.
"வந்து போயிருக்கு," என்றார். "ரொம்ப நாளாச்சு.
நெஞ்சுவலின்னு எங்கயாவது போனாரா, கேளுங்க."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே
இல்லை என்றார்.
வாயு பிடிக்கும், அது யாருக்கு இல்லை?

ரசீதை மடித்தவர் பாதியில் நின்றார்.

"ஒரு தை மாசம். ராத்திரி திடீர்னு தூத்த ஆரம்பிச்சுது.
குவிச்ச நெல்லு அப்படியே கெடக்கு.
தார்ப்பாய இழுத்து மூடி, மூட்டைய மாத்தி அடுக்கி...
நடுவுல இடது தோளு விட்டுப்போச்சு.
மேலெல்லாம் ஈரம். மழையா வேர்வையான்னு தெரியல.
சாக்கு மேல சாஞ்சு உட்கார்ந்துட்டேன்.
ஒரு சோடா குடிச்சேன், சரியாயிடுச்சு."

அந்த வாரக் கூலியில் நூறு ரூபாய் குறைந்ததாம்.
மத்தவன் தூக்கும்போது சும்மா உட்கார்ந்ததற்கு.

அந்த இரவுதான் இது என்று
எந்தப் படமும் சொல்லாது.
டாக்டரும் சொல்லவில்லை.
அறிக்கையைச் சொல்லச் சொல்லத் தட்டினேன்:
முதல் பத்தி முழுக்கக் கல்.
இதயம் கடைசி வரியில்,
'தற்செயலாகத் தெரிந்தது' என்று.
தஞ்சாவூர் போய் எக்கோ எடுக்கவேண்டும்,
அதுவரை மூட்டை தொடக்கூடாது.
தலையாட்டினார். கேட்டாரா தெரியவில்லை.

உறையைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்தார்.
எல்லாம் இங்கிலீஷ்.
விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டு வந்து கேட்டார்:
"இதுல அது இருக்கா?"

எது?

"அன்னைக்கு நான்
சும்மா உட்காரலைங்கறது."