கூட ஒரு ரூபாய்

ஆண்டர்சன் தெருவில், பத்திரிகைக் கடைகளுக்குப் பின்னால்,
மாடிப்படி திரும்புகிற இடத்தில் என் வேலை.
மொய்க் கவர் மேல் ஒரு ரூபாய் ஒட்டுவது.
ஆயிரம் ஒட்டினால் நூற்றிருபது.
நான் சேர்ந்த வருஷம் எண்பது.
அந்த எண்பதுக்கு இருபது டீ வந்தது.
இந்த நூற்றிருபதுக்கு எட்டு.

கவரில் பிள்ளையாருக்குக் கீழே
ஒரு வட்டம் அச்சாகியிருக்கும்.
பழைய பிளாக்.
அந்தக் காலத்து ரூபாய்க்கு அளவெடுத்தது.
இப்போது வருகிற காசு அதற்குள்
அண்ணன் சட்டையைப் போட்ட தம்பியாக நிற்கிறது,
சுற்றிலும் வெள்ளையாய் ஒரு வளையம் விட்டு.
பேப்பரில் பணவீக்கம் என்று போடுகிறார்கள்.
எங்கோ எதுவோ வீங்கியிருக்கும்.
என் கைக்கு வருவது இளைத்தல்லவா வருகிறது.

காசு கொண்டுவருபவள் ஞானப்பூ.
பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தில்
மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள்.
அவள் பலகையில் ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி,
பெயிண்டர் ஒவ்வொரு தடவையும் பழைய எண் மேலேயே எழுதியதில்
இன்றைய பத்து தொட்டால் புடைப்பாக இருக்கும்.
"போறவன் அதே அளவுதான் போறான்,
ரேட்டுதான் ஏறுது" என்பாள்.
ஒன்றுக்குப் போகக்கூட ஒன்று போதாமல் போனபின்
கண்டக்டர்களிடமும் மாதா கோயில் உண்டியல்காரரிடமும்
கெஞ்சிச் சேர்க்கிறாள்.
சிக்னலில் கை நீட்டுபவர்களும் திருப்பித் தருகிற காசு.
சேட் நூறு காசுக்கு நூற்றுப்பத்து தருகிறார்.
கடையில் செல்லாது என்றான பிறகு
அதற்கு விலை வந்திருக்கிறது.

மொய் ஐம்பத்தொன்று, நூற்றொன்று,
இப்போது ஐந்நூற்றொன்றுக்கே முகம் சுருங்குகிறது.
முன்னால் நிற்கிற எண் வருஷா வருஷம் கொழுக்கிறது.
ஏடிஎம் துப்புகிற ஐந்நூறு,
டீக்கடையில் நீட்டினால் மாஸ்டர் திட்டுகிற ஐந்நூறு,
உள்ளே மடங்கிப் படுத்துக்கொள்ள,
பின்னால் வருகிற ஒன்று மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.
அதற்கு வாங்குகிற வேலை இல்லை.
கணக்கு பூஜ்யத்தில் முடிந்துவிடாமல்
கதவில் கால் வைத்து நிற்கிற வேலை.

போன ஆடியில், ராத்திரி பதினொன்றரைக்கு,
எங்கள் புளியந்தோப்பு பிளாக்கில்
மூன்றாம் மாடி ஏகாம்பரம் போய்விட்டார்.
நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் கேட்டு
வீடு வீடாகத் தட்டினார்கள்.
எல்லாரிடமும் போன் இருந்தது.
ஒருவர் பத்து ரூபாய்க் காசு கொடுத்தார்,
பெருசா இருக்கு, கண்ணை உறுத்துது என்றாள் மருமகள்.
யாரோ இரண்டு ரூபாய் நீட்ட,
ரெட்டைப்படை வேண்டாம் என்றார்கள்.
அவர் ஆட்டோ ஓட்டியவர்.
சில்லறை இல்லை என்று
முப்பது வருஷம் சொன்ன வாய் கட்டியிருந்தது.

வீட்டில் ஒட்டி முடிக்க எடுத்துவந்த கட்டிலிருந்து
ஒரு கவரைப் பிய்த்தேன்.
பின்பக்கம் பசை இன்னும் காயவில்லை.
சந்தனம் குழைப்பதற்குள்
காசு அவர் நெற்றியில் தானாகவே பிடித்துக்கொண்டது.
அங்கே அளவு பார்க்க வட்டம் எதுவும் இல்லை.
சரியாக இருந்தது.

சனிக்கிழமை சேட் எண்ணினார்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
சொன்னேன். பாவம் என்றார், நிஜமாகவே.
பிறகு, கவர் விலை மூன்று ரூபாய், எழுதிக்கொள்கிறேன் என்றார்.
நூற்றுப் பதினேழு தரவேண்டும்.
காலடியில் காசு மூட்டை.
அதன் மேல் செருப்புக் காலை ஊன்றிக்கொண்டு
கல்லாவைத் துழாவிவிட்டு
நூற்றுப் பதினைந்து கொடுத்தார்.

சில்லறை இல்லையாம்.