இலை ரேட்

கொள்முதல் கொட்டகைக் கரும்பலகையில்
கிலோ ஒன்பது ஐம்பது.
அழித்த இடத்தில் பழைய எண் ஒன்று
இன்னும் மங்கலாகத் தெரிகிறது.
மழையே பெய்யாத நாளில் ஈரக்கழிவு எதற்கு என்று
அப்பா எழுத்தரோடு மல்லுக்கு நிற்கிறார்.
விடுமுறைக்கு வந்தவள்
சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து
நாத்தேலாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

லைப்சிக் விடுதியில் முதல் வாரம்.
எந்த ஊர் என்றேன்.
ஜார்ஜியா என்றாள்.
எங்கள் பெள்ளி மாமாவின் மகன்
அட்லாண்டாவில்தான் இருக்கிறான், பக்கமா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி
ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி நறுக்கினாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்தில் மூன்றாம் இடம் நான்.
பானிபட் போர்கள் மூன்றையும் ஆண்டோடு சொல்வேன்.
கருங்கடலுக்கு நீலம் தீட்டியிருக்கிறேன், கோட்டைத் தாண்டாமல்.
அதன் கரையில் யார் துணி காயப்போடுகிறார்கள் என்று
எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

ஆகஸ்ட்.
பொது அறைத் தொலைக்காட்சியில்
ஒலிம்பிக் தொடக்க விழா, வாணவேடிக்கை.
அவள் சமையலறையில்
போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
காதல் விவகாரம் என்று நினைத்தேன்.
நான்காம் நாள் நம் நாட்டுக்கு ஒரு தங்கம்.
ஓடிப்போய்ச் சொன்னேன்:
ஷூட்டிங்! ஷூட்டிங்!
தங்கம் என்ற சொல் வாயில் வருவதற்குள்
அவள் கைத்தட்டு தரையில் கிடந்தது.

அன்றிரவுதான் செய்தி படித்தேன்.
நான்கு நாளாக அவள் நாட்டில் போர்.
குண்டு விழுந்த ஊர்களை எழுத்துக்கூட்டினேன்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது கையில் டீ,
வேறு என்ன எடுத்துப் போவது?
எங்கள் இலை போகும் ஃபேக்டரியின் தூள்,
அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தது.
முகர்ந்தாள்.
என் அம்மாவின் கை என்றாள்.

அவள் அம்மாவும் இலை பறித்தவள்.
அங்கேயும் சரிவு, அங்கேயும் பனிமூட்டம்,
விரல் இடுக்கில் அதே கறை.
ஒருநாள் மாஸ்கோ வாங்குவதை நிறுத்தியது.
இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின.
செடிகள் மரமாகிவிட்டன,
ஊடே மாடு மேய்கிறது என்றாள்.

எனக்குக் கோத்தகிரி கேட்டது.
பதினெட்டிலிருந்து நாலரைக்கு விழுந்த வருஷம்.
ரஷ்யாக்காரன் வாங்கலையாம் என்று
ஹட்டி முழுக்கப் பேச்சு.
அவன் ஒரே ஒரு ஆள் என்று நினைத்திருந்தேன்.
குன்னூர் ஏலத்துக்கு வந்து
ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து,
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டவன்.
அம்மாவின் வளையல்கள் வங்கிக்குப் போனதும்
மாதி அக்காவின் படிப்பு நின்றதும் அவனால்தான்.
வெகுநாள் அவன்மேல் எனக்குக் கோபம்.

ஒரு நாடு பதினைந்தாக உடைந்ததை
ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தேன்.
அதன் சில்லொன்று எங்கள் அடுப்படியில் கிடந்ததை
பதினோராயிரம் கிலோமீட்டர்... இல்லை,
எவ்வளவு தூரம் என்றுகூடச் சரியாகத் தெரியாத இடத்தில்
ஒருத்தி சொல்லக் கேட்டேன்.

அடுத்த நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்தது.
வீட்டுக்கு லைன் கிடைக்காத இரண்டு நாள்.
வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.
இந்தியாவில் மலை உண்டா என்றான் ஒரு பையன்.
அறையலாம் போலிருந்தது.
அட்லாண்டா ஞாபகம் வந்தது.

எடை முடிந்தது. ஈரக்கழிவில் இரண்டு கிலோ மீட்ட
வெற்றியோடு வருகிறார் அப்பா.
நாத்தேலா கதையை நேற்றே சொல்லியிருந்தேன்.
ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார் போல.
"மரமாயிருச்சுன்னு விட்டுட்டாங்களா?
அடியோட கவாத்து பண்ணினா தளிர்க்குமே.
எத்தனை வருஷமாச்சாம்?"

தெரியவில்லை.
இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம்,
இதை நான் கேட்கவில்லை.

"கேட்டுச் சொல்லு" என்கிறார்,
சாக்கை உதறி மடித்தபடி.