வாலுக்குக் கிடைத்த முதல் வேலை

இந்த நீர்நாய்க்கு வாய்தான் கண்.
கறுப்பு வலை ஒட்டிய அதன் சிரிப்புக்குள்ளிருந்து
காலை ஏழரைக்கு நான் பார்ப்பது
முப்பத்தெட்டு மேசைகள்,
என் முகத்தை வார்த்துச் சுட்ட வாஃபிள்கள்.
பிள்ளைகள் முதலில் கடிப்பது
எப்போதும் காதை.

விதிகள் மூன்று.
பேசக்கூடாது.
தலையைக் கழற்றக்கூடாது.
விருந்தினர் தட்டைத் தொடக்கூடாது.
மூன்றாவதை எழுதியவர்
வெறும் வயிற்றோடு இதற்குள் நின்றிருக்க மாட்டார்.
வயிறு நிறைந்தும் நிற்க முடியாது.
முதல் வாரம் ஆம்லெட் தின்றுவிட்டு வந்தேன்,
அந்தக் கதை வேண்டாம்.

பன்னிரண்டாம் மேசையில்
மிச்சிகனிலிருந்து ஆறு பேர்,
ஆறு ஆரஞ்சுச் சட்டைகள்,
ஆறு முதுகிலும் ஒரே வாசகம்:
‘டெர்வில்லிகர் குடும்பம், ஒருவழியாக வந்துவிட்டோம்.’
அம்மாவின் கையில் மடித்து மடித்துக் கிழிந்த காகிதம்.
சாப்பாட்டு அட்டையில் நாளுக்கு இத்தனை புள்ளி,
வான்கோழிக் காலுக்கு இரண்டு,
கோட்டைக்குள் உட்கார்ந்து தின்றால் நான்கு,
பச்சைத் தண்ணீர் கேட்டால் சும்மா தருவார்கள்,
கேட்கத்தான் யாருக்கும் தோன்றாது.
அவளுக்குத் தோன்றியிருந்தது.
வாழைப்பழம் மூன்று,
அவித்த முட்டை ஐந்து,
கடிபடாத ஒரு பேகல்,
டிஷ்யூவில் சுருண்டு பைக்குள் இறங்கின.

நீர்நாய் பார்த்தது.
நீர்நாய் பேசாது.
நடுவில் போய் நின்று
மேற்பார்வையாளர் பக்கம் வாலைத் திருப்பினேன்.
யாரோ தாராளமாகத் தைத்துவிட்ட வால்,
கதவிடுக்கில் மாட்டும், கிழவர்களின் காபியைக் கவிழ்க்கும்.
எட்டு மாதத்தில் அதற்குக் கிடைத்த முதல் வேலை இது.

கடைக்குட்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஓடிஸ் என்று கூப்பிட்டார்கள். நான்கு வயதிருக்கும்.
“உனக்குத் தட்டே இல்லையே,
நீ சாப்பிட்டியா?”

கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள்,
படத்துக்கு நிற்கச் சொல்வார்கள்,
உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று
அக்குளில் குத்திப் பார்ப்பார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
பெரிய தலையை
இல்லை என்று ஆட்டினேன்.
அது உண்மை, விதியிலும் இல்லை.

நாற்காலிமேல் ஏறி நின்று
பாகு சொட்டும் ஒரு காதைப் பிய்த்து
என் வாய்க்குள் திணித்தான்,
அதாவது
என் கண்ணுக்குள்.

வலையில் பாதி அடைத்துப்போனது.
துடைக்க ஈரத்துணி ஓய்வறையில் இருந்தது,
இரண்டு முறை இடைவேளை வந்தது,
துடைக்கவில்லை.
மதியம் முழுக்க ஃபுளோரிடா
மேப்பிள் பாகுக்குள் அசைந்தது.
சோளநாய் வரிசையில் மனைவியைத் திட்டிய மனிதர் பொன்னிறம்,
விழுந்த ஐஸ்கிரீமுக்கு அழுத சிறுமி பொன்னிறம்,
குப்பைத்தொட்டியில் கிடந்த பாதிப் பீட்சாகூட.
நான்கு மணிக்கு ஓர் எறும்பு வந்து சேர்ந்தது.
அணிவகுப்பில் இருவரும் நடந்தோம்,
அது தின்றது, நான் கையசைத்தேன்.

சலவைப் பகுதியில் நெரெய்டா
தலையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.
“யாதியேல், இன்றைக்கு வாந்தி இல்லையே,
இனிப்பாக இருக்கிறதே?” என்றாள்.

இரவு ஒன்பதரை.
கிஸ்ஸிம்மி போகும் பேருந்து இன்னும் வரவில்லை.
வானத்தில் வாணவேடிக்கையின் புகை மட்டும்.
டப்பாவைத் திறந்தேன்,
பச்சைத் துவரையும் பன்றிக் கொழுப்பும் போட்டு
அண்ணன் காலையில் வடித்த சோறு,
அடிப்பிடித்தது எனக்கு, அவனுக்கு மேலாப்பு,
அப்படித்தான் எங்கள் ஒப்பந்தம்.

அதே பெஞ்சின் மறுமுனையில்
விடுதி வண்டிக்காக ஆரஞ்சுச் சட்டைகள்.
ஓடிஸ் அப்பாவின் தோளில்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
அவள் ஐந்தாவது முட்டையை உரித்து
ஓட்டைக் காலிக் கோப்பைக்குள் போட்டாள்.
பாதி அவள், பாதி கணவர்.

தெரிந்தவன்போல்
தலையசைத்துச் சிரித்துவிட்டேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
என் டப்பாவைப் பார்த்தாள்,
பையை எடுத்து
மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.