பீட்ரூட் இருபது கிலோ

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலுக்கு
லாஞ்சில் காய்கறி கொண்டுபோகிறேன்.
கோயம்பேட்டில் விடிகாலை மூன்றுக்கு எடுத்தது:
வெங்காயம், முட்டைக்கோஸ், பீட்ரூட் இருபது கிலோ.

கப்பலின் பின்புறம் புதுப்பெயர்.
வெள்ளை இன்னும் காயவில்லை.
அதன் கீழே
வெல்டிங்கில் புடைத்த பழைய எழுத்துகள்
பெயிண்டுக்கு அடங்காமல் நிற்கின்றன,
பவுடருக்கு அடங்காத தழும்புபோல்.
கொடி எந்த நாடென்று
சுங்கத்துத் தனபாலுக்கும் தெரியவில்லை.
"கடலே இல்லாத ஊராம்ணே" என்றான்,
முத்திரை குத்திக்கொண்டே.

அதே கப்பல்தான். ஏழு வருஷமாய்த் தெரியும்.
அப்போது கேப்டன் நொவொரொசிஸ்க்காரர்.
சமையல்காரன் பெட்ரோ, ஒடெசா.
ஒரே பானையில் சாப்பிட்டார்கள்.
அந்தச் சிவப்பு சூப் எந்த ஊருடையதென்று
சிரித்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.
எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.
நம்ம ரசத்தில் யாரோ பீட்ரூட்டைப் போட்டுக்
கெடுத்துவைத்த மாதிரி இருக்கும்.
சொன்னதில்லை.

பிப்ரவரியில் டாங்கிகள் எல்லை தாண்டின.
மண்ணடியில் அன்று ஒன்றும் ஆகவில்லை.
மறுவாரம் சூரியகாந்தி எண்ணெய் ஏறியது,
அது எல்லாருக்கும் தெரிந்தது.
பிறகு லண்டன் இன்ஷூரன்ஸ் தாள் நின்றது.
டாலர் பில்லை வங்கி திருப்பி அனுப்பியது.
நாற்பத்தொன்பது வயதில்
திர்ஹத்தில் கணக்கெழுதப் பழகினேன்,
வாய்ப்பாடு தப்பும் பையன்போல்
விரல்விட்டு.
உலகம் மாறினால் டிவியில் வரும் என்று நினைத்திருந்தேன்.
பில் புத்தகத்தில் மூன்றாவது கட்டத்தில் வந்தது.

மணலிப் பக்கம் சுடர் எரிகிறது.
இந்தக் கப்பல் இறக்கும் எண்ணெயில்தான்
என் ஸ்கூட்டர் ஓடுகிறதோ என்னவோ.
மலிவாம். நல்லதுதானே என்கிறாள் சாந்தகுமாரி.
ஆமாம் என்கிறேன்.

பெட்ரோ கடைசியாய் அனுப்பியது ஒரு படம்:
சமையற்கட்டு. ஒரு பக்கச் சுவர் இல்லை.
அடுப்பின்மேல் பானை இருந்தது.
கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினேன்.
இன்றுவரை ஒற்றை டிக்.

கயிறு இறங்குகிறது.
மேலே இருப்பவன் முகம் தெரியவில்லை.
மூட்டைகளை ஒவ்வொன்றாய்க் கட்டி அனுப்புகிறேன்.
பீட்ரூட் மட்டும் திரும்ப இறங்கி வருகிறது.
ஆர்டரில் இல்லையாம்.
பார்த்தேன், இல்லைதான்.
பழக்கத்தில் நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

இருபது கிலோ. வீட்டில் யாரும் தின்னமாட்டார்கள்.
அலைக்கு லாஞ்ச் ஆடும்போதெல்லாம்
மூட்டை உருண்டு வந்து
காலில் இடிக்கிறது.