அலகு

சனத்தொகைக் கோடு இறங்குகிறது.
பணிப்பாளர் விதானாராச்சி
காய்ச்சல் நெற்றியைத் தொடுவதுபோல்
அதைப் பென்சில் முனையால் தொட்டுப் பார்க்கிறார்.
"இருக்கட்டும். தெமட்டகொடை ரயில் காணியில்
தொள்ளாயிரம் அலகு போடுங்கள்."

கடன் ஒப்பந்தம் எழுதிய வருடம்
கோடு ஏறிக்கொண்டிருந்தது.
கோடு மனம் மாறலாம். கடன் மாறாது.

எங்கெங்கே ஆளில்லை என்று அறிய
எனக்குத் தந்தவை தண்ணீர்ப் பட்டியல்கள்.
வெள்ளவத்தை, கடற்பக்கம்,
மாடி மாடியாக, மாதம் மாதமாக.
பூச்சியம் என்றால் பூட்டிய வீடு:
மெல்பேர்ன், பலெர்மோ, ஸ்காபரோ.
பூச்சியங்களுக்குச் சாம்பல் நிறம் அடித்தேன்.
பென்சில் தேய்ந்து கட்டையாயிற்று.

பதினொரு வீடுகளில் மட்டும்
மாதம் தவறாமல் ஒரே ஒரு அலகு.
மூன்று அறை, இரண்டு குளியலறை, ஒரு அலகு.
யார் இவ்வளவு சிக்கனமாய்க் குளிக்கிறார்கள்?
மஞ்சள் அடித்தேன்: குடியிருப்பில் உள்ளது.

மனம் கேளாமல் ஒரு சனிக்கிழமை போனேன்.
ஒன்பதாம் மாடியில் பஸ்லியா
கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.
இடுப்பில் பதினொரு சாவி,
ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் நூல்.

"தண்ணி ஓடாட்டி பைப்பு மக்கிப் போகும் மிஸ்.
கொஞ்சம் இரிங்க, மொதல்ல துரு வரும்."

வந்தது.
பிளேன்ரீ நிறம், பிறகு கஞ்சி நிறம்,
பிறகு நிறமே இல்லை.
பல்லி எச்சம் துடைத்தாள். ஃப்ளஷ்ஷை இழுத்தாள்.
துணி போர்த்திய சோபாவில் உட்காரவில்லை.
நானும்தான்.
ஜன்னலில் கடல்
யாருக்கும் இல்லாமல் முழுசாக இருந்தது.

"நாங்க ரயில் ரோட்டடி. ஏழு பேர் ஈக்கிறோம்.
தண்ணி பொதுக் குழாய்ல."

பொதுக் குழாய்க்கு மீட்டர் இல்லை.
மீட்டர் இல்லாதது பட்டியலில் இல்லை.
பட்டியலில் இல்லாதது
என் வரைபடத்தில் வெற்றுக் காணி.

"சனம் கொறயுது எண்டு டீவில சொல்றாங்க.
அப்ப அந்தப் புது வீடெல்லாம் ஆருக்கு மிஸ்?"

பதில் இருக்கிறது என்னிடம்.
ஆட்கள் குறையக் குறையக் கதவுகள் கூடும்:
ஐவர் இருந்த வீடு இரண்டாகும்,
தாய்க்கு ஒன்று, மகனுக்கு ஒன்று,
வெளிநாட்டிலிருந்து வரப்போகிறவளுக்கு
பூட்டியே ஒன்று.
சொல்ல வாய் எடுத்தேன்.
அவள் அடுத்த குழாயைத் திறந்துவிட்டாள்.
அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

திங்கட்கிழமை
மஞ்சளை நான் அழிக்கவில்லை.
பதினொரு வீட்டிலும் ஆள் இருக்கத்தான் செய்கிறது,
கிழமைக்குப் பதினைந்து நிமிடம்.

ரயில் காணியின் நடுவில்,
C கட்டடத்தின் வாகனத் தரிப்பிடம் வரும் இடத்தில்,
ஒரு புள்ளி வைத்தேன்.

விதானாராச்சி கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தார்.
"இது என்ன, மை சிந்தியதா?"

"குழாய்" என்றேன்.

"மீட்டர் இலக்கம்?"