ஏழாவது தூணுக்கு நிழல் இல்லை

உவர்நாடு ஒரு விளையாட்டு.
இரண்டு கைக்குள் அடங்கும் நாடு.
அதில் பத்தொன்பது தூண் மண்டபம்,
நடுவே உப்பில் வார்த்த அரியணை.
அரசி எழுந்துபோய் எத்தனை காலமோ,
இருக்கையில் குழி மட்டும் மிச்சம்.
யாரும் எதையும் விளக்குவதில்லை.
அதுதான் வினை.

யீஷூனில் எங்கள் புளோக்கின் கீழே
காப்பிக்கடை, வெள்ளிக்கிழமை இரவு.
டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த மேசையில்
தயாளன் ஆரம்பிக்கிறார்.
பகலெல்லாம் மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
மாடிகளுக்கு நடுவே இருட்டுப் பொந்தில்
கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு
யோசிக்க நிறைய நேரம்.

"நிழலைத் தானம் கொடுத்தவள் தூணாகி நின்றாள்.
முதல் அரசி அவள்தான்.
மற்றப் பதினெட்டும் கல். அது மட்டும் உடம்பு."
சான்று கேட்டால் விரலை மடக்குகிறார்:
மூன்றாம் கிணற்றில் நீர் மேல்நோக்கிச் சொட்டுகிறது.
மழை பெய்தால் மட்டும் மீன்காரி
"நின்றவளைக் கேள்" என்கிறாள்.
வரைபடத்தில் மண்டபம் கிழக்கே அரை விரல் சாய்ந்திருக்கிறது.

ருக்‌ஷானா ஒப்புவதில்லை.
பலதுறைத் தொழிற்கல்லூரி, இரண்டாம் ஆண்டு.
ஐஸ் மைலோவை உறிஞ்சியபடியே மறுக்கிறாள்:
மீன்காரியின் பேச்சு இடைச்செருகல்,
இரண்டாம் புதுப்பிப்பில் நுழைந்தது, மூலத்தில் கிடையாது.
பழைய உரைகாரர்கள் ஓலைக்கு அடித்துக்கொண்டதுபோல
இவர்கள் பதிப்பு எண்ணுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.
ஷர்வின் சமாதானம் செய்கிறான்:
இரண்டு அரசிகள், ஒருத்தி கனவு.
எல்லாச் சிக்கலுக்கும் அவனிடம் கனவுதான்.

நான் தே ஓ கோசோங்கைக் கலக்குகிறேன்.
சர்க்கரையே இல்லாததில் எதைக் கலக்குகிறாய் என்று
யாரும் கேட்கவில்லை.

அந்த நிழலை அணைத்தவள் நான்.
ஊபியில், ஒரு கார்ப் பட்டறைக்கு மேலே நாலாம் மாடி.
ஒப்பந்த வேலை, பதினொரு மாதம்.
பத்தொன்பது நிழலைத் தாங்க மாட்டாமல்
பழைய இயந்திரங்கள் திக்கின.
ஒன்றைக் குறை என்றார்கள்.
கடைசி ரயிலுக்கு இருபது நிமிடம்.
ஒரு கட்டத்திலிருந்து சரிக்குறியை எடுத்தேன்,
பையை எடுத்தேன், ஓடினேன்.
தெய்வம் எதுவும் அப்போது அங்கே இல்லை.
குளிரூட்டி சொட்டிக்கொண்டிருந்தது,
கீழ்நோக்கித்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வரி.
ஆனால் தயாளன் தினமும் அந்தத் தூணடியில்
பத்து நிமிடம் நிற்கிறாராம், எதையும் வெட்டாமல், எடுக்காமல்.
வேலை முடிந்து, கிரீஸ் போகக் குளித்து,
நின்றுவிட்டுத்தான் சாப்பாடு.

இன்று கைபேசியை நீட்டினார்.
தூணின் பின்புறம், சுவரோடு சுவராக,
காமிராவை இடுக்கில் நுழைத்தால் மட்டும் தெரியும் இடத்தில்
ஒரு ஜோடி செருப்பு.
நீல வார். வலது குதிகால் தேய்ந்தது.
"பார்த்தீங்களா, கழற்றிவிட்டுத்தான் நின்றிருக்கிறாள்."

நான் வைக்கவில்லை.
அந்த மண்டபத்தில் விரிசல் உட்பட எல்லாம் என் சுட்டி வைத்தது.
செருப்பு கிடையாது.

வெய் லிங் பக்கத்து மேசை.
வந்ததும் வேலைக் காலணியை உதறிவிட்டு
மேசைக்கடியில் செருப்பு மாட்டுவாள். நீலம்.
நான் விலகிய பிறகும் மூன்று வாரம் இருந்தாளாம்.
டப்ளினுக்குப் போனாள் என்றார்கள்,
அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைக்கடியில் எண் தேடி அனுப்பினேன்: அது நீயா?
ஒற்றைச் சரிக்குறி.
வெகுநேரம் ஒற்றைச் சரிக்குறி.

மேசை துடைப்பவர் கோப்பைகளை அள்ளிப் போனார்.
ஷர்வின் கனவு என்று வாயெடுத்தான்.

"ருக்‌ஷானா, செருப்பு எந்தப் பதிப்பில் வந்தது?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
ஆறு வாரத்தில் நான் பேசிய முதல் வாக்கியம்.
"ஏன் அக்கா, உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.