விரலுக்கு ஒரு மீன்

ஆண்டுக்கொரு முறை போடோவிலிருந்து அதிகாரி வருவார்.
தோல்பெட்டியைத் திறந்து
பித்தளைப் படிக்கற்களை என் கற்களுக்கு எதிரே வைப்பார்.
பதினோரு குளிர்காலம். குன்றிமணி பிசகில்லை.
"எய்லர்ட், லோஃபோடன் தீவுகளிலேயே
நேர்மையான தராசு உன்னுடையதுதான்"
என்று முத்திரை குத்திவிட்டுக் கப்பலேறுவார்.

தராசு நேர்மையானதுதான்.
பெருவிரலை யாரும் நிறுக்கவில்லை.

இருட்டோடு படகுகள் கரை சேரும்.
இமையில் பனி கட்டிய ஆட்கள்
காட் மீன்களைத் தட்டில் சரிக்கும்போது
எதிர்த்தட்டின் விளிம்பில், கையுறைக்குள்,
களைத்துச் சாய்ந்ததுபோல் கிடக்கும் அது.
அரைக் கிலோ. சில நாள் முக்கால்.
ஞாயிறன்று அதே விரலால்தான்
பாட்டுப் புத்தகத்தின் பக்கம் புரட்டினேன்.

அன்ஃபின் படகோடு போய்த் திரும்பாத மார்ச்சில்
ஒரு நோட்டுத் தைத்தேன்.
தேதி, பெயர், திருடிய எடை.
ஞாபகம் இல்லாத நாட்களுக்குக் கூட்டியே போட்டேன்.
நியாயப்பிரமாணம் என்னை நிறுத்தது.
எவ்வளவு என்று சொன்னது, சரியாகச் சொன்னது.
இறக்கிவைக்க ஒரு கை நீட்டவில்லை.
அது தராசின் வேலை இல்லை.

போதகர் இரண்டு பக்கம் வாசித்து மூடினார்.
"கையெழுத்து அழகாக இருக்கிறது" என்றார்.
அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்,
என்னைப்போல் உடைந்த மனிதன்
இந்தக் கரையில் வேறு யார் என்று.
விடிந்ததும் அதையும் எழுதவேண்டி வந்தது.

பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு போனேன்.
மீன் காயும் மரச்சட்டங்களின் கீழே
யோர்கினே காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள்.
நோட்டை நீட்டினேன். கை ஈரம் என்றாள்.
நானே வாசித்தேன்.
காற்றுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது;
பாவ அறிக்கை இப்படி மீன் ஏலம்போல் ஒலிக்கும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள்.
"அவருக்குத் தெரியும்."
"எது?"
"உன் விரல். முதல் குளிர்காலத்திலேயே.
நிறுத்து முடித்தபின், கணக்கில் வராமல்,
உன் குவியலில் ஒன்றை வீசிவிட்டு வருவாரே,
பார்த்ததில்லை?
விரலுக்கு ஒரு மீன் என்பார்.
நான் சண்டை போட்டிருக்கிறேன்.
பிள்ளைகளுக்குக் காலணி இல்லை என்றிருக்கிறேன்.
அவன் பயத்திலேயே நிற்கிறான் யோர்கினே,
அந்தக் கை என்றைக்காவது அசந்து தூங்கட்டும் என்பார்."

பார்த்திருக்கிறேன்.
எண்ணத் தெரியாதவன் என்று சிரித்திருக்கிறேன்.

பணத்தை வாங்கிக்கொண்டாள். "இது என்னுடையது" என்றாள்.
மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.
ஒரு காக்கை தப்பிப் போயிற்று, தலையோடு.

வீட்டில் விளக்கேற்றி நோட்டைத் திறந்தேன்.
அன்ஃபின் பெயருக்கு நேரே அந்த மீனை எங்கே எழுத?
திருடியது இல்லை. வாங்கியதும் இல்லை.
பதினோரு குளிர்காலம்
நான் எடுப்பதற்கு முன்னால் எனக்குத் தரப்பட்டிருக்கிறது.
திருப்பிக் கொடுக்க ஆள் கடலில்.
கடலிடம் ரசீது கிடையாது.

ஆண்டவரே, உமக்கும் தெரியும்தானே,
முதல் குளிர்காலத்திலேயே?
இத்தனை நாள் முழங்காலில் நின்று
உமக்கு நான் கணக்கு வாசித்தபோதெல்லாம்
கை ஈரம் என்றா வாங்காமல் இருந்தீர்?

விசுவாசம் என்னவென்று சபையில் கேட்டால்
இன்னும் எனக்கு நா எழாது.
எடை பார்க்காமல் ஒன்றை வாங்கிக்கொள்வது
என் தொழிலுக்கு ஆகாத காரியம்.
நோட்டின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.
எரிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

இந்த ஆண்டு அதிகாரி வந்தபோது
கையுறையைக் கழற்றிக் கையைத் தட்டில் வைத்து
இதையும் பாருங்கள் ஐயா என்றேன்.
சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இப்போதும் சில விடியற்காலை
பழக்கத்தில் விளிம்பைத் தேடி விரல் நகரும்.
அப்போதெல்லாம், படகு ஒன்றும் வராத இருட்டிலிருந்து,
குவியலின் மேல்
சதக்கென்று ஒரு மீன் விழும்.